ஒகெனிட்சே: நான் எழுத்துக் கோத்த செக் சஞ்சிகை

சென்ற பனிக்காலத்தில் ஒருநாள் பிற்பகல், பிராக் நகரத்திலிருந்து லென்கா என்ற பெண் என்னைத் திரையில் அழைத்தாள். என் மகளைவிட இளையவள். 'ஒகெனிட்சே' என்ற செக் சஞ்சிகையின் இப்போதைய ஆசிரியர் அவள்தான். யன்னலுக்கு வெளிப்பக்கத்தில் இருக்கும் மரக்கதவு என்பது அந்தப் பெயருக்குப் பொருள். சஞ்சிகை இனிமேல் தாளில் வராதாம், இணையத்தில் மட்டும்தானாம். கடைசித் தாள் இதழில் அதன் வரலாற்றை எழுதப் போகிறார்கள். பிராக்கில் அது தொடங்கிய காலத்தைப் பற்றிச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ரொறன்ரோவில் அது வாழ்ந்த காலத்தைப் பற்றிச் சொல்ல, தேடிப் பார்த்ததில், நான் ஒருத்திதான் மிஞ்சியிருக்கிறேன் என்றாள்.

"நான் அங்கே அச்சுக்கு எழுத்துக் கோத்தவள் மட்டும்தான், பிள்ளை" என்றேன். ஆங்கிலத்தில்தான் பேசினேன், 'பிள்ளை' மட்டும் தமிழில் வந்து விழுந்தது.

"அதைத்தான் எழுதுங்கள்" என்றாள் லென்கா.

ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரமான மார்க்கத்தில், என் மகள் டிலானியின் வீட்டில்தான் நாங்கள் இப்போது இருக்கிறோம். அவள் குசினிக்குள் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா இவ்வளவு யோசிக்கிறீங்கள்? நீங்க சும்மா சொல்லுங்கோ, ஐ வில் டைப் இற்."

"நான் முதல்ல தமிழில எழுதிப் பாக்கிறன். பிறகு நீ இங்கிலீசில மாத்து."

"பட் அம்மா, அது செக் மகசின்."

"ஓம். எண்டாலும் எனக்கு அது தமிழிலதான் ஞாபகம் இருக்கு."

அவள் சிரித்தாள். நான் எழுதத் தொடங்கினேன்.

சஞ்சிகையின் பழைய கதையை எனக்குச் சொன்னவர் அதன் அந்நாள் ஆசிரியர் ஹொராச்செக். அவர் அதை ஒருபோதும் ஒரே மூச்சில் சொன்னதில்லை. தேத்தண்ணி ஆறும் இடைவெளியில், யன்னலுக்கு வெளியே ஸ்ட்ரீட்கார் மணியடித்துக்கொண்டு போகும் நேரத்தில், துண்டு துண்டாகச் சொல்லுவார். ஒகெனிட்சே பிராக்கில் ஒரு நாடக அரங்கின் பின்னறையில் பிறந்தது. தணிக்கை கொஞ்சம் கண்ணயர்ந்திருந்த காலம் அது. முன்பாதியில் அரசியல், பின்பாதியில் கவிதையும் ஓவியமும் நாடகமும். அரசியல்காரர் முன்னாலிருந்து வாசித்தார்கள், கவிஞர்கள் பின்னாலிருந்து வாசித்தார்கள், நடுப்பக்கத்தில் எல்லோரும் சந்தித்துச் சண்டை பிடித்தார்கள் என்பார்.

பிறகு ஓர் ஆகஸ்ட் மாதம் அந்நிய டாங்கிகள் நகரத்துக்குள் வந்தன. புதிய இதழ் அந்த நேரம் அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. அச்சகத்துக்காரர்கள் இயந்திரத்தை நிறுத்தவில்லை. மை காயாத தாள்களை ஆட்கள் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அந்தத் தெருவால் போனவர்களின் நெஞ்சிலெல்லாம் எழுத்து ஒட்டியிருந்தது என்று அவர் சொல்லும்போது, அது நடந்ததா, அவர் கண்ட கனவா என்று எனக்குப் பிடிபடாது. சஞ்சிகையைத் தடைசெய்தார்கள். ஹொராச்செக் விடுமுறைக்குப் போவதுபோல ஒரு சின்னப் பெட்டியுடன் வியன்னாவுக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்கு வந்தார். காலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் தரையைத் துடைத்தார். பின்னேரங்களில், நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, அதே பெயரில் சஞ்சிகையை மறுபடியும் தொடங்கினார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது பின்னாளில். மன்னாரில் ஒரு பங்குத்தந்தை நடத்திய அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கப் பழகியிருந்தேன். நாட்டில் சண்டை வந்து, கலியாணமும் முடிந்து, நானும் கணவர் சேவியரும் ரொறன்ரோவுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். எனக்கு ஆங்கிலம் படிப்பித்த கன்னியாஸ்திரி ஒருவர், யாரோ ஒரு செக்காரருக்கு எழுத்துக் கோக்க ஆள் வேண்டுமாம் என்று ஒரு துண்டில் விலாசம் எழுதித் தந்தார்.

ஹொராச்செக் உயரமானவர், மெலிந்தவர். பேக்கரியின் வெக்கை மேலே ஏறிவரும் அந்த அறையிலும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். ஒரு தாளைத் தந்து, மின்சாரத் தட்டச்சு மாதிரி இருந்த, எழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்றைக் காட்டினார். எனக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துக்களேதான், ஆனால் அவற்றின் தலையில் சின்னக் கொக்கிகளும் கீற்றுகளும் வளையங்களும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இதில் ஏதாவது விளங்கியதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை."

"ஒரு சொல்கூட?"

"ஒரு சொல்கூட இல்லை."

"நல்லது. திங்கட்கிழமை வாருங்கள்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது சேவியருக்கு நம்பிக்கை வரவில்லை. "உமக்கு ஒண்டும் விளங்காத பாஷையில என்னெண்டு வேலை செய்யப்போறீர்?"

"விளங்காதபடியாத்தான் எடுத்தவர்."

"உது நல்ல வேலைதான்" என்று தலையை ஆட்டினார்.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செக் தெரிந்த ஆட்கள் அடிக்கும்போது தங்களை அறியாமல் எழுத்தாளருடைய வசனத்தைத் தங்களுடைய வசனமாக மாற்றிவிடுகிறார்கள் என்பது ஒன்று. மற்றது இன்னும் பெரியது. சஞ்சிகையில் பாதி, அந்த நாட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் களவாக எழுதி அனுப்பியது. யார் எழுதினார்கள், எந்த ஊர், என்ன தொழில் என்பதை ஊகிக்க முடியாத ஒருத்தி அந்தக் கதிரையில் இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு.

அந்தக் கட்டுரைகள் வந்த விதத்தை நான் இப்போது நினைத்தாலும் கதை கேட்பதுபோல இருக்கிறது. மருந்துப் பெட்டியின் உட்புறத்தில், குழந்தையின் மேலங்கித் தையலுக்குள், இசைத்தட்டின் உறைக்குள் மடித்து வரும். வந்தவுடன் ஹொராச்செக் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் கீழே இருக்க மேசையில் வைப்பார். அது அவருடைய வழக்கம், வாசிக்கும்போது நேரம் தெரியக்கூடாதாம். வாசித்து முடிந்ததும் எழுதியவருக்கு ஒரு பறவையின் பெயரை வைப்பார். அதன்பிறகு அந்த ஆள் எங்களுக்கு நாரை அல்லது மைனா அல்லது மரங்கொத்தி. உண்மைப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. கையெழுத்தில் வந்த எதையும் தானே பழைய தட்டச்சில் அடித்து என்னிடம் தருவார். மூலத்தை யன்னலைத் திறந்துவைத்து, ஓர் இரும்புச் சட்டிக்குள் எரிப்பார். கையெழுத்து என்பது முகம், அது இந்த அறையைத் தாண்டக்கூடாது என்பார். கீழேயிருந்து வரும் பாண் வாசமும் தாள் எரியும் வாசமும் கலந்து, பனி விழும் தெருவுக்குள் இறங்கிப் போகும்.

பிழை பார்ப்பதற்கு அவர் வைத்திருந்த முறை இன்னும் விசேஷம். அவர் தான் அடித்த பிரதியை வாய்விட்டு வாசிப்பார், காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சேர்த்து. காற்புள்ளிக்கு ச்சார்க்கா, முற்றுப்புள்ளிக்குத் தெச்கா. நான் கோத்ததை விரலால் தொட்டுக்கொண்டே பின்தொடர்வேன். அவர் குரல் ஒருபோதும் உயராது. பிழை கண்டால் நான் பென்சிலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவேன். அவர் நின்று, திருத்தியதும், "மேலே போகலாம், மிசிஸ் றோஸ்லின்" என்பார். பின்னேர வெளிச்சம் பனியில் பட்டு நீலமாக அறைக்குள் வரும். விளங்காத ஒரு மொழி மழைபோலப் பெய்துகொண்டே இருக்கும். அதில் எனக்குத் தெரிந்தது இரண்டே சொல், ஒரு நிறுத்தம், ஒரு சின்ன நிறுத்தம்.

"நித்திரையில ஆரையோ கூப்பிடுறீர்" என்றார் சேவியர் ஒருநாள் காலையில். "சார்க்கா, தெச்கா எண்டு. ஆர் அந்த ரெண்டு பெட்டையளும்?"

இதழ் முடிந்ததும் இரண்டு விதமாக அச்சாகும். ஒன்று வெளிநாடுகளில் இருந்த செக்காரருக்கு, சாதாரணத் தாளில். மற்றது உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி, வேதாகமத்துக்குப் போடும் மெல்லிய தாளில். அதை லொறிச் சாரதிகளும் சுற்றுலாப் பயணிகளும் எல்லைக்கு அப்பால் கொண்டுபோனார்கள். பூதக்கண்ணாடி வைத்து வாசித்துவிட்டு, கைமாற்றுவார்களாம்.

ஒரு பிற்பகல் ஹொராச்செக், மரங்கொத்தியின் கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தார். நான் விரலால் தொட்டுக்கொண்டு போனேன். யன்னல் என்ற சொல்லை நான் முன்பே கண்டிருக்கிறேன், சஞ்சிகையின் பெயரே அதற்குப் பக்கத்துச் சொல்தானே. அந்தச் சொல்லுக்கு முன்னால் இருந்தது 'துடைக்கிறேன்' என்று ஏனோ தெரிந்தது. பிறகு அதற்கு முன்னால் இருந்ததும் தெரிந்தது. வேலையிலிருந்து துரத்தப்பட்ட ஒரு கவிஞர், தான் முன்பு கவிதை வாசித்த மண்டபத்துக்கே யன்னல் துடைக்கப் போகிறார், உள்ளே இருக்கிறவர்கள் அவரை அடையாளம் கண்டும் காணாதது மாதிரித் திரும்பிக்கொள்கிறார்கள். மூடுபனி விலகிக் கரை தெரிவதுபோல அந்தப் பந்தி முழுவதும் என் கண்முன்னால் எழுந்து நின்றது. என் விரல் நின்றுவிட்டது.

"பிழையா?" என்றார் ஹொராச்செக்.

"இல்லை. விளங்கிவிட்டது."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருடைய முகம் வாடிப்போனது. "அப்படியானால் இன்றையிலிருந்து நீங்களும் கவனமாக இருக்கவேண்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்வரவு" என்றும் சொன்னார்.

விளங்கத் தொடங்கியபிறகு அந்த அறை எனக்கு வேறு அறையாகிவிட்டது. முன்பு எழுத்துக்களைக் கோத்தேன், இப்போது ஆட்களைக் கோத்தேன். அந்த நிலையில்தான் ஒரு மார்ச் மாதம் பொஜேனா படியேறி வந்தார்.

பொஜேனா ரொறன்ரோவில் ஒரு நாடகக் குழுவுக்கு உடுப்புத் தைப்பவர். பெரிய எலும்புகள் கொண்ட, அகலமான பெண். நனைந்த சப்பாத்துக்களைக் கையில் தூக்கிக்கொண்டு காலுறையோடு உள்ளே வந்தார். மேலங்கிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கறுப்புக் கரை போட்ட தாள். அந்த மொழியில் அப்படியொன்றை நான் அதுவரை பார்த்ததில்லை, ஆனாலும் பார்த்த உடனே அது என்னவென்று தெரிந்தது. எங்களுடைய மரண அறிவித்தல் அது. இறந்தவர் பெயர், ஊர், அடக்கம் செய்யும் இடம், பிறகு இன்னாரின் அன்புத் தாயார், இன்னாரின் அன்பு மாமியார் என்று உறவு வரிசை. அவர்களும் எங்களைப்போல அதை அச்சடித்து ஊர்ச் சுவர்களில் ஒட்டுகிறார்கள்.

இறந்தது பொஜேனாவின் தாயார். பெயர் கத்தெர்ஷினா. மகன் மிலோஷ், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் இருந்தது. பொஜேனாவின் பெயர் இல்லை.

எங்கள் சஞ்சிகையின் கடைசிப் பக்கம் மரண அறிவித்தல்களுக்கானது. அதற்கு ஹொராச்செக் ஒரு விதி வைத்திருந்தார். அந்த நாட்டுக்குள் உயிரோடு இருக்கும் ஒருவரையும் காட்டிக்கொடுக்கக்கூடிய எதுவும் அதில் வரக்கூடாது. பொஜேனா கேட்டது அந்த விதிக்கு நேர்மாறானது. தாயின் பெயரும், ஊரின் பெயரும், மகள் என்று தன்னுடைய பெயரும்.

"உங்கள் தம்பி பள்ளிக்கூட ஆசிரியர்" என்றார் ஹொராச்செக், மெதுவாக. "வெளிநாட்டில் தனக்குச் சகோதரி இல்லை என்று எழுதிக்கொடுத்துத்தான் அவர் அந்த வேலையில் இருக்கிறார். நாங்கள் அச்சடிப்பதை அந்த அரசாங்கத்தின் ஆட்கள் இங்கேயும் வாசிக்கிறார்கள். உங்கள் பெயரையும் அம்மாவின் பெயரையும் ஒரே கட்டத்துக்குள் போட்டால்..."

"எனக்குத் தெரியும்."

"தெரிந்தும் ஏன் கேட்கிறீர்கள்?"

"வேறு எங்கே போய்க் கேட்பது?" என்றார் பொஜேனா. "நான் அவளுடைய மகள் என்று இந்த உலகத்தில் ஓர் இடத்திலாவது எழுதியிருக்க வேண்டாமா?"

அவர் அழவில்லை. சப்பாத்துக்களை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தார். உருகிய பனி சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. ஹொராச்செக் எழுந்து என் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கள் ஊரில் இப்படி வந்தால் என்ன செய்வார்கள், மிசிஸ் றோஸ்லின்?"

எனக்கு என் தம்பியின் ஞாபகம் வந்தது. எங்கள் அப்பா மன்னாரில் இறந்தபோது நான் கனடாவில் இருந்தேன். தம்பி அதற்குக் கொஞ்சம் முன்னால் படகேறி இராமேஸ்வரத்துக்குப் போயிருந்தான். சோதனைக்கு வருகிறவர்கள் அவனைப்பற்றிக் கேட்டால் அம்மாவுக்குப் பதில் சொல்லமுடியாது. அதனால் மரண அறிவித்தலில் அவனுடைய பெயரை விட்டுவிட்டார்கள். அந்தத் தாளில் என் தம்பி பிறக்கவே இல்லை. ஊரிலிருந்து வந்த யாரோ அதை அகதி முகாமில் அவனுக்குக் காட்டியிருக்கிறார்கள். பிறகு ஒருநாள் தொலைபேசியில் கிடைத்தபோது அவன் சொன்னான்: "அக்கா, நான்தான் செத்துப்போனனோ எண்டு ஒருக்கா எனக்கே சந்தேகம் வந்திட்டுது."

இதை நான் ஹொராச்செக்குக்குச் சொன்னேன். பொஜேனாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெயரைப் போட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா?"

"இல்லை. அம்மாவுக்கு ஆபத்து வந்திருக்கும். விட்டது சரிதான். ஆனால் ஒரு வரி இடம் விட்டிருக்கலாம்."

ஹொராச்செக் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். பிறகு கடைசிப் பக்கத்தின் அமைப்புத் தாளை எடுத்தார். அதில் அவர் தானே எழுதிய ஒரு குறிப்பு இருந்தது. அதை வெட்டி எடுத்து, மேசையில் ஒதுக்கி வைத்தார். அடிமட்டம் வைத்து, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு செவ்வகம் வரைந்தார். "கறுப்புக் கரை போடுங்கள். உள்ளே ஒன்றும் வேண்டாம்."

நான் கறுப்புக் கோடுகளை வெட்டி, பின்பக்கம் மெழுகு பூசி, நான்கு மூலையும் பிசகாமல் பொருந்தும்படி ஒட்டினேன். ஒரு வார்த்தையும் இல்லாத ஒரு கட்டத்துக்கு அவ்வளவு கவனம் எடுத்தது அந்த ஒருமுறைதான்.

இதழ் வந்ததும் பொஜேனா ஒரு பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது என்னுடைய அம்மா இல்லை" என்றார். "இது ஒரு பெட்டி." சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அதன்பிறகு பல வருடங்கள் அவர் படியேறவில்லை. அவருடைய பிரதியைத் தபாலில் அனுப்பிக்கொண்டே இருந்தோம். அது திரும்பி வரவும் இல்லை, அவரிடமிருந்து பதில் வரவும் இல்லை. உறையில் அவருடைய விலாசத்தை ஒட்டும்போதெல்லாம் ஹொராச்செக் பேச்சை நிறுத்திவிடுவார்.

பிறகு ஒரு நவம்பர் மாதம் அங்கே ஆட்சி ஆட்டங்கண்டது, எல்லாம் மாறியது. அறையில் இருந்த சின்னத் தொலைக்காட்சியில் பிராக்கின் சதுக்கம் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் சனம். ஆட்சியை மணியடித்து அனுப்புவதுபோல எல்லோரும் கையில் வீட்டுத் திறப்புக் கோர்வையை, சாவிக் கொத்தை, உயர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஹொராச்செக் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார். "சத்தத்தைக் கூட்டுங்கள், மிசிஸ் றோஸ்லின்" என்றார். கூட்டினேன். இன்னும் கூட்டச் சொன்னார். ஆயிரமாயிரம் திறப்புகளின் ஓசை அந்தச் சின்ன அறையை நிறைத்தது. கீழே பேக்கரியில் பாண் வாங்க வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அவர் தன்னுடைய சட்டைப்பைக்குள் கையை விட்டார். பள்ளிக்கூடத்துத் திறப்புக் கோர்வை அது, காலையில் அவர் தரை துடைக்கும் அறைகளின் திறப்புகள். அதை எடுத்து, குழந்தைக்குக் கிலுக்குவதுபோல, மெதுவாக ஆட்டினார்.

அதன்பிறகு சஞ்சிகை எல்லையைக் களவாகக் கடக்கத் தேவையில்லை. பிராக்கில் கடைகளிலேயே வைத்தார்கள். முதல் இதழை வாங்க வரிசையில் நின்றார்களாம். ஆனால் கொஞ்சக் காலத்தில் அங்கே எல்லாப் பத்திரிகைகளும் வரத் தொடங்கின, எல்லோரும் எல்லாவற்றையும் பேசத் தொடங்கினார்கள். பூதக்கண்ணாடி வைத்து வாசித்தவர்களுக்கு இப்போது ஒகெனிட்சே பல சஞ்சிகைகளில் ஒன்று. அங்கிருந்த இளைஞர்கள், சஞ்சிகை வீட்டுக்குத் திரும்பி வரட்டும், நாங்கள் நடத்துகிறோம் என்று எழுதினார்கள். ஹொராச்செக் யோசித்து யோசித்துக் கடைசியில் ஓம் என்றார். தானும் கூடப்போவதாகச் சொன்னார்.

ரொறன்ரோவின் கடைசி இதழைச் செய்துகொண்டிருந்தபோது பொஜேனா மறுபடியும் படியேறி வந்தார். தலை நரைத்திருந்தது. பின்னால் அவரைப்போலவே பெரிய எலும்புகள் கொண்ட ஒருவர், கையில் தொப்பியுடன். தம்பி மிலோஷ். அக்காவைப் பார்க்க முதல்தடவையாகக் கனடாவுக்கு வந்திருந்தார்.

ஹொராச்செக் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். மிலோஷ் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். "இங்கிருந்துதானா?" என்றார். "நாங்கள் ஒரு பெரிய கட்டடத்தைக் கற்பனை பண்ணி வைத்திருந்தோம்."

"உங்களுக்குச் சஞ்சிகை கிடைத்ததா?" என்று கேட்டார் ஹொராச்செக்.

"கைமாறிக் கைமாறி வரும். அந்தக் கறுப்புக் கட்டம் வந்த இதழும் வந்தது."

பொஜேனா தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"அது அம்மாவுக்கென்று எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் மிலோஷ். "பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, எல்லையில் சுடப்பட்ட தன்னுடைய மகனுக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்றாள். எங்கள் பாதிரியார், சிறையில் செத்துப்போன தன்னுடைய சிநேகிதருக்கு என்றார். அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் வைத்து, அதற்கு முன்னால் மெழுகுவர்த்தி கொளுத்தினவர்களை நான் கண்டிருக்கிறேன்."

"உங்கள் வேலை?" என்றார் ஹொராச்செக். அதைக் கேட்க அவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

மிலோஷ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த வருடமே என்னை நிறுத்திவிட்டார்கள். வேறு ஒரு விஷயம். ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், நான் போடவில்லை. பிறகு கொதிகலன் பார்க்கிற வேலை."

ஹொராச்செக் கோப்பையை மேசையில் வைத்தார். "அப்படியானால் பெயரைப் போட்டிருக்கலாம்" என்றார்.

"உங்களுக்கு அது எப்படித் தெரியும்?" என்றார் மிலோஷ். "எனக்கே தெரியாது."

பொஜேனா அதுவரைக்கும் பேசவில்லை. இப்போது ஹொராச்செக்கைப் பார்த்து, "இந்த இதழில் போடுங்கள்" என்றார். "பெயர், ஊர், எல்லாம்."

"அக்கா" என்றார் மிலோஷ், "விட்டுவிடேன். அது இப்போது எங்களுக்கு மட்டும் சொந்தமானதில்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரி இன்னும் உயிரோடு இருக்கிறாள். அதைத் தன்னுடைய மகன் என்று வைத்திருக்கிறாள்."

பொஜேனா எழுந்தார். குரல் அந்த இரண்டு அறைகளையும் அதிரவைத்தது. "உன்னுடைய வேலைக்காக என் அம்மாவின் பெயரை விட்டுக்கொடுத்தேன். வேலையும் போய்விட்டது. இப்போது அயலவர்களுக்காகவும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா? அவர்கள் அந்தக் கட்டத்தை வைத்துக்கொள்ளட்டும், நான் பறிக்கவில்லை. எனக்கு என் அம்மா வேண்டும்."

மிலோஷ் எழுந்து, அக்காவின் மேலங்கியை அவருடைய தோளிலிருந்து வாங்கி, கொக்கியில் மாட்டினார். அதுதான் அவருடைய பதில்.

ஹொராச்செக் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எங்களிடம் அப்போது கணினி வந்திருந்தது. பொஜேனா எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு செக்கில் சொல்லச் சொல்ல, நான் அடித்தேன். ஊரைச் சொன்னார். தாயார் வேலைசெய்த பால்பண்ணையைச் சொன்னார். அவர் தேவாலயத்தில் பாடுவார் என்பதையும் போடச் சொன்னார். எல்லாம் எனக்கு விளங்கியது. இந்த முறை ஹொராச்செக் மூலத்தை வாசிக்கவில்லை, ஏனென்றால் மூலம் என்று ஒரு தாள் இருக்கவில்லை. "நீங்கள் வாசியுங்கள், மிசிஸ் றோஸ்லின்" என்றார்.

அத்தனை வருடத்தில் நான் அந்த மொழியைக் கேட்டிருக்கிறேனே தவிர, ஒருவருக்கும் முன்னால் வாய்விட்டு வாசித்ததில்லை. தாயாரின் பெயரிலேயே தடக்கிவிட்டேன். அதில் ரகரத்தையும் ஷகரத்தையும் ஒரே நேரத்தில் நாக்கில் உருட்டுவதுபோல ஓர் ஒலி இருக்கிறது. நான் சொன்னது 'கத்தெரினா' என்று வந்தது. மிலோஷ் திருத்தினார். மறுபடியும் சொன்னேன், 'கத்தெஷினா' என்று போனது. பொஜேனா தன்னுடைய நாக்கை எங்கே வைக்கவேண்டும் என்று வாயைத் திறந்து காட்டினார். மிலோஷ், "இல்லை, அம்மா தன் பெயரை இப்படித்தான் சொல்லுவா" என்று இன்னொரு மாதிரிச் சொன்னார். "உனக்கு ஞாபகமில்லை, இப்படி" என்று பொஜேனா சொன்னார். ஆளுக்கு ஆள் சொல்லிக்காட்டினார்கள். ஹொராச்செக்கும் ஒருமுறை சொன்னார். நான் எத்தனையாவது தடவையிலோ கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிட்டேன். அப்போதுதான் பொஜேனா முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் பொறுத்து, நான் மீதியை வாசித்தேன். ச்சார்க்கா, தெச்கா எல்லாம் சேர்த்து. கடைசியில் உறவு வரிசை வந்தது. மகன் மிலோஷ், மகள் பொஜேனா.

பொஜேனா முகத்திலிருந்து கையை எடுத்தார். "பிழை" என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். எழுத்துக்கள் சரியாகத்தான் இருந்தன.

"நான்தான் மூத்தவள்" என்றார்.

மிலோஷ் சிரித்தார். அவர் வந்ததிலிருந்து சிரித்தது அப்போதுதான். "ஓம், அவதான் மூத்தவ" என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னது செக்கில், என் காதில் விழுந்தது அப்படித்தான்.

நான் அந்த வரியை அழித்து, மகளை முன்னால் கொண்டுவந்தேன்.